அம்மை குத்திய கை

நான் ஒரு சந்தேகப்பிராணி. யாராவது வழக்கத்தைவிட ஒரு கரண்டி நெய் கூடுதலாக ஊற்றினால்கூட, இன்றைக்கு எதற்கு இந்த உபசாரம் என்று யோசிக்கிற ஜாதி. அதனால் என் கணவர் அக்கரையிலிருந்து எழுதிய கடிதங்களைப் பற்றி நான் சொல்வதில் நீங்கள் கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம். முழுதாகக் கழித்துவிட வேண்டாம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் நடந்தது இது. பினாங்குக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து ஆபீசில் குமாஸ்தா வேலை என்று போனவர், குவார்ட்டர்ஸ் கிடைத்ததும் அழைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். ஒன்றரை வருடம் ஓடிவிட்டது. தென்காசியில், கோயிலுக்கு வடக்கே இருந்த வீட்டில் நான், மாமியார், பதினான்கு வயது நாத்தனார் என்று மூன்று பெண்கள் இருந்தோம். மாமியாருக்கு எழுத்து தெரியாது. கடிதம் வந்தால் நான் உரக்கப் படிக்க வேண்டும். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். மற்ற பெண்கள் கணவன் கடிதத்தை மாமியாருக்குப் படிக்கும்போது நடுவில் இரண்டு வரியை விழுங்கிவிடுவார்களாம். எனக்கு விழுங்க ஒன்றும் இருந்ததில்லை.

குவார்ட்டர்ஸ் கிடைத்துவிட்டது என்று எழுதிய கடிதத்தில்தான் முதல் நிபந்தனை வந்தது. அம்மை குத்திக்கொள்ள வேண்டும், சின்ன வயதில் குத்திய தழும்பு செல்லாது. சரி, நியாயம்தான். குத்திக்கொண்டு எழுதினேன். பதிலில் காலரா ஊசி. குற்றாலத்தில் சாரல் கூட்டத்துக்காகக் கொட்டகை போட்டு ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள், அதையும் போட்டுக்கொண்டேன். கை இரண்டு நாள் தூக்க முடியவில்லை. அடுத்த கடிதத்தில் பல். சொத்தைப் பல் இருந்தால் ஊரிலேயே பிடுங்கிவிடு, இங்கே பல் வைத்தியர் கிடையாது. கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினேன். அதற்கடுத்தது வயிற்றுப் பூச்சிக்கு மருந்து. அதற்கும் அடுத்தது கண். துறைமுகத்தில் இமையைத் திருப்பிப் பார்ப்பார்கள், சிவந்திருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயமுறுத்தியிருந்தார். ஆறாவது கடிதத்தில், கப்பல் ஏறுவதற்கு ஒரு மாதம் முன்பே மலேரியாவுக்கான கொயினா மாத்திரை தின்னத் தொடங்க வேண்டும் என்று இருந்தது. தின்றேன். காதுக்குள் எந்நேரமும் வண்டு ரீங்காரம். ஏழாவது கடிதம் வந்தபோது, முதலில் குத்திய அம்மைக்குத் தவணை தீர்ந்துபோயிற்று, மறுபடியும் குத்திக்கொள் என்று இருந்தது.

பார்த்துப் பார்த்து எழுதுகிறான் பிள்ளை என்று தெருவில் எல்லாரும் மெச்சினார்கள். எனக்கு மட்டும் சந்தேகம் தட்டியது. வரச்சொல்கிறவன் இப்படியா எழுதுவான்? ஒவ்வொரு தடவையும் நான் ஒரு படி ஏறினால் அவர் மேலே ஒரு படி கட்டிக்கொண்டே போகிறாரே. அங்கே யாரோ இருக்கிறாள் என்று தோன்றியது. அவளுக்கு என்ன நிறம், என்ன உயரம் என்பது வரைக்கும் யோசித்து வைத்திருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், நல்ல மனுஷனைப் போய் இப்படி நினைக்கிறாயே என்பார்கள்.

செங்கோட்டையில் ஓர் அம்மாள் இருந்தார். பினாங்கில் பத்து வருடம் இருந்தவர், பிள்ளைகளை ஊரில் காட்டிவிட்டுத் திரும்பிப் போகப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். துணைக்கு என்னையும் அழைத்துப் போகிறேன் என்று சொல்லியிருந்தார். தனியாக ஒரு பெண்ணைக் கப்பலேற்றுவது அப்போது யாரும் நினைத்துப் பார்க்காத காரியம்; இவரை விட்டால் இன்னொரு துணை எப்போது வாய்க்குமோ தெரியாது. ரயிலேறி அவர் வீட்டுக்குப் போய், கடிதத்தில் கண்டதையெல்லாம் ஒப்பித்தேன்.

"பல்லா? பல்ல எவன் பாக்கான்? கைய நீட்டச் சொல்லுவான். அம்மத் தழும்பும் சர்க்காரு ஒப்பு வச்ச சீட்டும் இருந்தா எறங்கிப் போன்னு விட்டுருவான். வேற ஒண்ணும் கெடையாது."

பிறகு அவர் சொன்ன ஏற்பாடுகளே வேறு மாதிரி இருந்தன. "பழைய சேலையக் கிழிச்சி மடிச்சி ஒரு மூட்ட வச்சிக்கோ, கப்பல்ல நாளு தள்ளிப்போகும், முன்னாடியும் வரும், எதையும் நம்பாத. எலுமிச்சங்கா ஊறுகாயும் சுக்கும் கைக்கெட்டுத தூரத்துல இருக்கணும். தொட்டி வெள்ளத்தக் குடிச்சிராத. கொதிக்க வச்சதுதான் குடிக்கணும். கதவில்லாத குளிமுறிக்கு ஒத்தையாப் போவாத, என்னையக் கூப்பிடு. எவனாவது தலைவலிக்கு மாத்திரன்னு நீட்டுனா வாங்காத." இதில் ஒன்றுகூட என் கணவர் எழுதியதில்லை. பல்லைப் பிடுங்கச் சொன்னவருக்கு, கப்பலில் ஒரு பெண் குளிக்க எங்கே போவாள் என்று தோன்றவில்லை. அந்த அம்மாள் அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வண்டிக்குப் புறப்படுவதாகச் சொன்னார். அதற்குள் சீட்டு கையில் இருக்க வேண்டும்.

வந்தவுடன் மறுபடியும் அம்மை குத்திக்கொண்டேன். எட்டாம் நாள் சுகாதார இன்ஸ்பெக்டர் வீட்டுக்கே வந்து, கை பழுத்திருக்கிறதா என்று பார்த்துச் சீட்டில் கையெழுத்துப் போடுவார் என்றார்கள். இந்தத் தடவை நன்றாகப் பழுத்தது. நாலு இடத்திலும் முத்து முத்தாகக் கொப்புளம், மேலெல்லாம் காய்ச்சல். பின்கட்டில் சுருண்டு கிடந்தேன். அதைப் பார்த்த மாமியார் அடுக்களையில் தாளிப்பதை நிறுத்தினார். வாசல் நிலையில் இரண்டு பக்கமும் வேப்பங்குலை கட்டினார். யார் வந்தாலும் வாசலோடு பேசி அனுப்பினார். அம்மை கண்ட வீட்டில் என்னென்ன செய்வார்களோ அத்தனையும் நடந்தது. காய்ச்சல் மயக்கத்தில் எனக்கு அது உறைக்கவில்லை.

எட்டாம் நாள், திங்கட்கிழமை, மத்தியானம் இன்ஸ்பெக்டர் வந்தார். மெட்ராஸ் பக்கத்து மனிதர், எங்கள் ஊருக்குப் புதிது. வேப்பங்குலையைப் பார்த்ததும் தெருவிலேயே நின்றுவிட்டார். வாசலில் உட்கார்ந்திருந்த என் நாத்தனாரிடம், "வீட்டுல அம்மையா?" என்று கேட்டிருக்கிறார்.

அவள் பெற்ற தாயை அம்மை என்றுதான் கூப்பிடுவாள். எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் அப்படித்தான். அம்மை இருக்கிறாளா என்று கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டு, "ஆமா, அம்மை உள்ள படுத்திருக்காவ" என்று பதில் சொல்லிவிட்டாள். சாப்பிட்டுவிட்டுத் தாய் கண்ணயர்ந்திருந்தது அவளுக்குத் தெரிந்த உண்மை. அவர் இரண்டடி பின்னால் போய், நோட்டில் என்னவோ எழுதிக்கொண்டு நடையைக் கட்டினார்.

மறுநாள் இன்ஸ்பெக்டரின் சேவகன் வந்து தெருவில் நின்றபடியே சொன்னான். இது வைசூரி கண்ட வீடு, இங்கிருந்து யாரும் வெளியூர் போகக் கூடாது, எந்தச் சீட்டும் கிடையாது.

நாத்தனாரைப் பிடித்து உலுக்கி நடந்ததைக் கேட்டேன். கேட்டதும் சந்தேகம் நேராக மாமியாரிடம் போய் நின்றது. இந்த வேப்பங்குலையை யார் கட்டச் சொன்னது? மகன் தடுக்கப் பார்த்தான், முடியவில்லை, இப்போது தாய் தடுக்கிறாள். மகளையும் பழக்கி வாசலில் உட்கார வைத்திருக்கிறாள். எல்லாம் பேசி வைத்துச் செய்தது. எனக்கு அப்படித்தான் தோன்றியது.

"வேணும்னுதான கட்டுனீக?" என்று மாமியார் முகத்துக்கு நேரே கேட்டேன். "நான் போவக்கூடாதுன்னுதான? அவுக சொல்லித்தான செஞ்சீக?"

அதுவரை நான் அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் என்னை வெறித்துப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். ஒன்றும் சொல்லாமல் எழுந்து உள்ளே போய்விட்டார். குற்றமுள்ளவள், அதனால்தான் வாயைத் திறக்கவில்லை என்று நானே தீர்ப்பும் எழுதிவிட்டேன்.

புதன்கிழமை காலையில் மாமியார் குளித்துவிட்டு வந்து, வாசல் வேப்பங்குலையைத் தன் கையாலேயே அவிழ்த்தார். அவிழ்த்ததைக் கிணற்றடியில் வைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஏட்டி, கெளம்பு. எம்மவளையும் கூட்டிக்கோ" என்றார்.

இன்ஸ்பெக்டர் அந்த வாரம் குற்றாலத்துக் கொட்டகையில் இருந்தார். வண்டி கட்டிக்கொண்டு போனோம். பொடித் தூறல். தலை நிறைய எண்ணெயோடு அருவிக்குப் போகிறவர்களை நிறுத்தி ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள். எங்களை யார் என்று தெரிந்ததும் அவர், "அங்கேயே நில்லுங்க, அங்கேயே நில்லுங்க" என்று கத்தினார். கூட்டம் விலகி எங்களுக்கு வட்டமாக இடம் விட்டது. அவமானத்தில் எனக்குக் காது சுட்டது.

மாமியார் முக்காட்டை எடுத்துவிட்டு முன்னால் போய் நின்றார்.

"ஐயா, எம்மவ சொன்ன அம்மை நாந்தான்யா. அவ என்னைய அம்மைன்னுதான் கூப்பிடுவா. சோறு தின்னுட்டு நான் படுத்துக் கெடந்தேன். என்னைய நல்லாப் பாத்துக்கிடுங்க."

அவருக்கு விளங்கவே சிறிது நேரம் ஆயிற்று. கூட்டத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"அப்ப வேப்பிலை எதுக்குக் கட்டினீங்க? அது எனக்குத் தெரியாதா?"

"நீங்க குத்துனது அம்மைப்பாலுதான? பாலக் குத்திவிட்டா அம்மா வராம இருப்பாளா? புள்ளைக்கிக் காய்ச்ச வந்துட்டு. அக்கர போறவ, கொற இல்லாமப் போவட்டும்னு மரியாத செஞ்சேன்."

எனக்கு அங்கேயே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. என்னைத் தடுக்க அவர் அதைக் கட்டவில்லை. நான் நல்லபடியாகப் போய்ச் சேர வேண்டும் என்றுதான் கட்டியிருந்தார்.

இன்ஸ்பெக்டருக்கும் என் குணம்தான். எங்கள் மூவர் முகத்தையும் கையையும் கழுத்தையும் வெளிச்சத்தில் நிறுத்திப் பார்த்தார். என் கொப்புளங்கள் காய்ந்து பொருக்குக் கட்டியிருந்தன. அப்போதும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. வீட்டில் வேறு யாரையாவது படுக்க வைத்து மறைத்திருந்தால்? மாமியாரைப் பார்த்து, "வீட்டுக்கு அம்மா வரலை, வரவே இல்லைன்னு மாரியம்மன் மேல சத்தியம் பண்ணுங்க" என்றார்.

என் கையில் அம்மா இறங்கியிருக்கிறாள் என்று மனதார நம்பி, இத்தனை நாள் தாளிக்காமல் சாப்பிட்டவர் அவர். அவள் வரவே இல்லை என்று அவள் பேராலேயே சொல்ல வேண்டும். மாமியார் கையை நீட்டி, "வரல்ல. எங்க வீட்டுக்கு வரவே இல்ல" என்று சத்தியம் செய்தார். இன்ஸ்பெக்டர் சீட்டை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

திரும்பும்போது வண்டியில் நான் மாமியார் காலைத் தொட்டு அழுதேன். அவர் காலை இழுத்துக்கொண்டார்.

"அழுவாத. சீட்டு கெடச்சிட்டுன்னு அவனுக்கு எழுதாத."

"ஏன் அத்தே?"

"எழுதுனா எட்டாவது ஒண்ணு எழுதுவான். ஏழு கடுதாசி கேட்டேன்லா? ஒண்ணுலயாவது சீக்கிரம் வான்னு இருந்துச்சா? நான் பெத்த புள்ள, எனக்குத் தெரியாதா? சொல்லாமப் போயி எறங்கு."

வெள்ளிக்கிழமை தென்காசி ஸ்டேஷனில் செங்கோட்டை அம்மாளோடு சேர்ந்துகொண்டேன். பினாங்கில் இறங்கியபோது என் இமையை யாரும் திருப்பிப் பார்க்கவில்லை. அந்த அம்மாளின் கணவர் என்னைத் தோட்டத்துக் குவார்ட்டர்ஸ் வாசலில் கொண்டுவந்து விட்டார். கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், மறுபடியும் என்னைப் பார்த்தார். ஒன்றரை வருடத்துக்குப் பிறகு என் கணவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது:

"யாரு கையெழுத்துப் போட்டுக் குடுத்தா?"