திராட்சைக்கு மருந்து

கம்பத்தில் பூச்சிமருந்துக் கடை வைத்திருந்த அந்த ஆளை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. நெற்றி நிறையத் திருநீறு, வாய் நிறையச் சிரிப்பு. யாராவது வாய் தவறி 'விஷம்' என்றால் உடனே திருத்துவார்: "மருந்துன்னு சொல்லுங்க."

ஒருநாள் நானும் அங்கே மருந்து வாங்க நின்றிருந்தேன். மறுநாள் திராட்சை வெட்டப்போகிற தோட்டக்காரர் ஒருவருக்கு அன்று ஒரு டப்பாவை எடுத்து வைத்தார். "இன்னைக்கே அடிங்க. பழம் பளபளன்னு நிக்கும்."

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏண்ணே, அடிச்ச மறுநாளே வெட்டுனா, திங்கிறவுக என்ன ஆவாக?"

"அவுக எங்கனயோ இருக்காக. நமக்கு யாவாரம் நடக்கணுமில்ல?"

டப்பா ஒழுகித் தரையில் சொட்டியது. அவருடைய கோம்பை நாய் முகர்ந்து பார்த்து நாக்கை நீட்டியது. மனிதர் கல்லாவைத் தாண்டி ஓடினார்.

"ஏலே, நக்காத! வெசம் அது!"

எங்களிடம் ஒருநாளும் சொல்லாததை நாயிடம் சொல்லிவிட்டார்.