முதல் மழையிலேயே நிரம்பிய ஏரி

மலையில் பட்டை உரிக்கும் ஆட்களுக்கு நான் மேஸ்திரியாக இருந்தேன். ஆம்பூர்ப் பக்கத்துத் தோல் ஷாப்புகளில் தோலைப் பதனிட, கொன்றைப்பட்டை வண்டி வண்டியாகத் தேவைப்பட்டது. ஒரு மரத்தில் பாதியை உரித்துப் பாதியை விட்டுவைத்தால் அது பிழைத்துக்கொள்ளும். முதலில் அப்படித்தான் செய்தோம். மலையைக் குத்தகைக்கு எடுத்தவர் அவசரப்படுத்தியதும் மரத்தைச் சுற்றிலும் உரித்தோம். நின்றபடியே காய்ந்துபோன மரங்களை விறகுக்காரர்கள் வெட்டிக்கொண்டு போனார்கள். மூன்றே வருஷத்தில் மேல்மலை மொட்டையாகிவிட்டது. எனக்கு அப்போது வருத்தமெல்லாம் இல்லை. வேலை மளமளவென்று நடக்கிறது என்ற மிதப்புதான் இருந்தது.

அந்த மேல்மலையில் பிறக்கும் ஓடை எங்கள் ஊருக்கு வராது. மறுபக்கம் இறங்கி, என் தங்கையைக் கொடுத்திருந்த ஊரின் ஏரிக்குப் போகும். ஏரிக்குக் கீழே அவர்களுக்கு இரண்டு காணி நிலம். அதை விட்டால் அவர்களுக்கு வேறு பிழைப்பில்லை.

ஏரி நிரம்பிக் கரையின் முனையில் வழிந்தால், 'கோடி போகிறது' என்பார்கள். அங்கே கிடா வெட்டி, சம்பந்தி வீடுகளுக்கெல்லாம் ஆள் அனுப்புவார்கள். அந்த அழைப்பு ஐப்பசி கடைசியில்தான் வரும். அந்த வருஷம் புரட்டாசியிலேயே மாப்பிள்ளை வந்து நின்றார்.

"ஒரே மழை, மச்சான்! மத்தியானம் புடிச்சது, பொழுது சாயறதுக்குள்ள ஏரி ரொம்பிடுச்சு. நடுவுல மரம் இருந்தாத்தானே தண்ணியத் தடுக்கும்? எல்லாம் உங்க புண்ணியம்."

கிடாவின் தலையை அந்த ஊர் நாட்டாண்மை எனக்கே கொடுக்கச் சொன்னார். அது பெரிய மரியாதை. ஏரித் தண்ணீர் செம்மண் குழம்பாகக் கிடந்தது. ஒரு கிழவர் மட்டும் அதைக் கையில் அள்ளிப் பார்த்து முகம் சுளித்தார். "புதுத்தண்ணி அப்படித்தான் இருக்கும்" என்று எல்லாம் தெரிந்தவன் போல அவருக்குச் சொன்னவனும் நான்தான். இப்போது நினைத்தாலும் எனக்கு என் மீதே ஆத்திரம் வருகிறது.

வழிந்த தண்ணீர் போனது போனதுதான். முன்பெல்லாம் மழை நின்ற பிறகும் பங்குனி வரை ஓடை கசிந்துகொண்டே இருக்கும். பாசனத்துக்கு விட விட, ஏரிக்கு அது ஊட்டிக்கொண்டிருக்கும். மழையைப் பிடித்துவைத்து மெல்ல மெல்ல விட, இப்போது மேல்மலையில் ஒரு பிடி சருகுகூட இல்லை. மார்கழியில் ஓடை வெறும் மணலாகக் கிடந்தது. ஏரியிலும் பாதிக்கு மேல் மண் வந்து தூர்ந்திருந்தது. பால் பிடிக்கிற நேரத்தில் நெல் காய்ந்தது. அடுத்த வருஷமும் ஏரி சீக்கிரமே நிரம்பியது, சீக்கிரமே வற்றியது. யாரும் கிடா வெட்டவில்லை. மூன்றாவது வருஷம் குடிக்கிற கிணறும் வற்றிப்போனது.

வைகாசியில் தங்கையும் மாப்பிள்ளையும் என் வீட்டுக்கு வந்தார்கள். திட்டத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

"பக்கத்து மலையில பட்டை உரிக்க ஆள் எடுக்கறியாமே? எங்க ரெண்டு பேரையும் சேத்துக்கோண்ணா" என்றாள். "நெலத்தத் தரிசா போட்டுட்டோம்."

மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருவரையும் ஆள் கணக்கில் சேர்த்துக்கொண்டேன். வேண்டாமென்றால் அவர்கள் எதைத் தின்பார்கள்?

முதல் நாள் மலையேறி உச்சிக்குப் போனதும் அவள் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். மறுபக்கம் கீழே, வயல்களுக்கு நடுவே ஓர் ஏரி தெரிந்தது. ஓடை ஒன்று காட்டுக்குள்ளிருந்து இறங்கி அதில் சேர்ந்தது.

"அது எந்த ஊரு ஏரிண்ணா?"

"தெரியலம்மா" என்றேன்.

எனக்குத் தெரியும். நான் மறைப்பது என் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்கும் தெரிந்துவிட்டது.  பிறகு கத்தியை எடுத்துக்கொண்டு முதல் மரத்துக்குப் போனாள்.