நிறைசினை மாட்டுக்கு ஒரு சான்றிதழ்

திருப்பூருக்கு வெளியே ஒரு லைன் வீட்டில் குடியிருந்தேன். ஆறு வீடுகளில் ஐந்து பனியன் கம்பெனிக் குடும்பங்கள். கடைசியில் நான், அந்த ஊர் கால்நடை மருந்தகத்தின் புது டாக்டர். செல்போன் இல்லாத காலம். ஞாயிற்றுக்கிழமை எஸ்டிடி பூத்திலிருந்து விழுப்புரத்தில் எங்கள் வீட்டுக்குப் பேசுவேன். மற்ற நாட்களில் என்னோடு பேசியவர் லைனுக்குப் பின்னால் குடியிருந்த வீட்டுக்கார அக்கா மட்டும்தான். “சாப்பிட்டியா கண்ணு” என்று கேட்காமல் என்னைக் கடந்து போகமாட்டார்.

அக்காவின் கிணற்றில் சாயத் தண்ணீர் இறங்கித் தீவனச்சோளம் கருகியது. கடைசி மாட்டையும் விற்றுவிட்டுத் திங்கட்கிழமை கம்பெனியில் செக்கிங் வேலைக்குச் சேர வேண்டும். பகலில் மாட்டைப் பார்த்துக்கொள்ள வீட்டில் வேறு யாரும் இல்லை. தவறினால் அந்த இடம் வேறு ஆளுக்கு. சுற்றுவட்டாரத்தில் யாரிடமும் தீவனம் இல்லாததால் மாடு வாங்க ஆளில்லை. ஒரு கேரள வியாபாரி மட்டும் லாரியோடு வந்தார். செக்போஸ்டில் காட்ட டாக்டர் சான்றிதழ் வேண்டும் என்றார்.

நான் பார்க்கும் வரிசை மாறாது: கண், மூச்சு, காய்ச்சல், நடை, கடைசியில் சினை. முதல் நான்கும் சரியாக இருந்தன. ஐந்தாவதற்குக் கையுறை மாட்டிக் கையை விட்டுப் பார்த்தேன். விரல் பட்டதும் உள்ளே ஒரு சின்னக் குளம்பு பின்னுக்கு இழுத்துக்கொண்டது. நிறைசினை மாட்டை லாரியில் ஏற்றக்கூடாது என்பது சட்டம். வழியில் ஈன்றால் கன்று மற்ற மாடுகளின் காலடியில்தான் விழும்.

“நாலு மாசம்னு எழுதிக் குடு கண்ணு. யாரு பாக்கப் போறாங்க?”

“எட்டு மாசம் முடிஞ்சிடுச்சுக்கா. என்னால எழுத முடியாது.”

அக்கா சத்தம் போடவில்லை. லாரி காலியாகப் போனது. திங்கட்கிழமையும் போனது. அதன்பின் குழாயடியில் என்னைப் பார்த்தால், “வாங்க டாக்டருங்க” என்று விலகி நின்றார். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர்.

மூன்று வாரம் கழித்து நான் மருந்தகத்திலிருந்து திரும்பியபோது கட்டுத்தறியில் ஒரு கிடாரிக்கன்று நின்றது. என்னைக் கூப்பிடவில்லை. நஞ்சுக்கொடி விழுந்ததா, கன்று முதல் பாலைக் குடித்ததா, தொப்புளுக்கு மருந்து வைத்தார்களா. கேட்க இந்த மூன்றும் இருந்தன. கேட்காமல் என் வீட்டுக் கதவைத் திறந்தேன்.

மறுநாள் சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பெண் வாசலில் டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தாள். தூத்துக்குடிக்காரி, டெய்லர். அக்கா சீம்பால் காய்ச்சி லைனில் மற்ற ஐந்து வீட்டுக்கும் கொடுத்திருக்கிறார்.

“ஏலக்கா வாசம் நல்லா இருந்துச்சுல்லாக்கா? உங்களுக்கும் தந்தாங்கல்லா?”

கேட்கும் தூரத்தில்தான் அக்கா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

“தந்தாங்க,” என்றேன்.

வாளியைப் பிடித்திருந்த அக்கா தலை நிமிரவில்லை. மாடு குடித்து முடிக்கும்வரை அப்படியே குனிந்து நின்றார்.