யாருக்கு வேண்டாம்

டயாலிசிஸ் பிரிவில் மொத்தம் எட்டுப் படுக்கைகள். ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் வளைந்த கம்பியில் ஒரு டேப்லெட்டும் ஹெட்போனும் தொங்கும். வாரத்தில் மூன்று நாள் வந்து நான்கு மணி நேரம் மல்லாந்து கிடப்பதுதான் அங்கே நோயாளியின் வேலை. ஒரு கையில் தடித்த ஊசி இரண்டு. அந்தக் கையை ஆட்டக் கூடாது. இன்னொரு கையில் ரத்த அழுத்தப் பட்டை. மிச்சம் இருப்பது கண்ணும் காதும் மட்டும்தான்.

அந்தக் கண்ணுக்கும் காதுக்கும் பொறுப்பெடுத்துக்கொண்டவள் மூத்த நர்ஸ். யாரும் அவளிடம் கேட்கவில்லை. கணக்கு டீச்சர் ஒருத்தி நான்கு மணி நேரமும் சுவர்க் கடிகாரத்தையே முறைத்துக்கொண்டிருப்பதைப் பார்க்கச் சகிக்காமல், "டீச்சர், கலங்கரை விளக்கத்துல தனியா இருக்கிற ஒரு ஆளைப் பத்தி ஒரு படம் இருக்கு, பாருங்களேன்" என்று போட்டுக் கொடுத்தாள். அடுத்த முறை வந்த டீச்சர் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, "இன்னைக்கு என்ன?" என்று கேட்டாள். அன்றிலிருந்து ஐந்து வருஷம். அவளுடைய சொந்தப் பெயரை மறந்துவிட்டு எல்லோரும் படக்காரம்மா என்றே கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள்.

முழுசாகப் பார்க்காத எதையும் அவள் சிபாரிசு செய்ததில்லை. வேலைக்கு வரும் பஸ்ஸில் நாற்பது நிமிஷம், போகும் பஸ்ஸில் நாற்பது நிமிஷம், துணி மடிக்கும்போது, வெங்காயம் உரிக்கும்போது என்று பார்த்தாள். லிஃப்ட் மெக்கானிக்கான அவள் புருஷன் துணைக்கு உட்காருவான். தொடக்கத்தில் பெயர்கள் ஓடி முடிவதற்குள் குறட்டை விடுவான்.

பார்த்ததையெல்லாம் ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதினாள். என்ன கதை, எவ்வளவு நேரம், எத்தனை பாகம். கடைசிப் பத்திக்கு மட்டும் சிவப்பு மையில் தலைப்பு: யாருக்கு வேண்டாம். ஒரு பாலைவனத் தொடருக்கு நேராக, "எந்நேரமும் யாராவது மடமடவென்று தண்ணீர் குடிக்கிறார்கள். நம் ஆட்கள் யாருக்கும் வேண்டாம்" என்று இருந்தது. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அளந்து அளந்து தண்ணீர் குடிப்பவர்களுக்கு அந்தக் காட்சி என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியும். ஒரு நகைச்சுவைப் படத்துக்கு, "குலுங்கிச் சிரிப்பார்கள், ஊசிக் கை ஆடும். முதல் மாதத்துக்காரர்களுக்கு வேண்டாம்." சில இடங்களில் படுக்கை எண்ணே போட்டிருந்தாள்.

ஒருநாள் மக்கள் தொடர்பு அதிகாரி புகைப்படக்காரரோடு அந்தப் பக்கம் வந்தார். கணக்கு டீச்சர் சும்மா இருக்காமல் நோட்டைப் பற்றிப் பெருமை அடித்தாள். அதிகாரி இரண்டு பக்கம் புரட்டினார். முகம் மலர்ந்தது.

"சிஸ்டர், ரெண்டே நாள். பார்த்துட்டுத் திருப்பி அனுப்பிடறேன்."

இரண்டு நாள் மூன்று வாரமானது. நோட்டு ஒரு பியூன் கையில், அட்டையில் டீ வட்டத்தோடு திரும்பி வந்தது. அதற்கடுத்த திங்கட்கிழமை எல்லாப் பிரிவுகளுக்கும் ஒரு பளபளப்பான கையேடு வந்து இறங்கியது. பெயர், "படுக்கையிலிருந்தே பரவசம்." அட்டையில் ரிமோட்டைச் செங்கோல் மாதிரி பிடித்துக்கொண்டு அதிகாரி சிரித்தார். முன்னுரையில், "பணிச்சுமைக்கு நடுவே நான் கண்டு ரசித்த நூறு படைப்புகள்" என்று எழுதியிருந்தார்.

படக்காரம்மா மருந்து அறையில் நின்றபடியே புரட்டினாள். அத்தனையும் அவள் வாக்கியங்கள். "அழுகை வரும், ஆனால் அழுது முடித்ததும் பசிக்கும்" என்று அவள் பஸ்ஸில் கிறுக்கியது அப்படியே அச்சாகியிருந்தது, பக்கத்தில் நாலரை நட்சத்திரத்தோடு. கடைசிப் பக்கத்துக்குப் போனாள். அச்சகத்துக்கு நன்றி, புகைப்படக்காரருக்கு நன்றி, நிர்வாகத்துக்கு நன்றி. அவள் எங்கேயும் இல்லை.

"ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையேன்னு இருக்கான் ஆளு," என்றான் புருஷன், வீட்டில் அதைப் பார்த்துவிட்டு. "போய்க் கேளு."

"என்னன்னு கேக்கறது? என் பேரைப் போடலையேன்னா? அல்பம்னு நினைப்பாங்க."

வயிறு எரிந்தது. பேருக்காக எரிகிறதே என்று வெட்கமாகவும் இருந்தது. இரண்டையும் சேர்த்து விழுங்கிக்கொண்டு படுத்துவிட்டாள். அந்த விழுங்கலைத்தான் பிற்பாடு அவளால் மன்னிக்க முடியவில்லை. தன் பெயரைத் தேடிய மும்முரத்தில், அந்தச் சிவப்புப் பத்தி மொத்தமும் காணாமல் போயிருந்ததை அவள் கவனிக்கவே இல்லை.

வியாழக்கிழமை காலை பத்து மணி இருக்கும். ஆறாம் படுக்கையில் ஊசி ஏற்றிக்கொண்டிருந்தாள். மூன்றாம் படுக்கையின் இயந்திரம் அலறியது. திரும்பிப் பார்த்தால் போர்வை சிவப்பாக நனைந்துகொண்டிருந்தது.

மூன்றாம் படுக்கை லாரி டிரைவருடையது. சொல்லப்போனால், முன்னாள் லாரி டிரைவர். போன வருஷம் அவர் ஓட்டிய வண்டி மலைப்பாதையில் கவிழ்ந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி அங்கேயே போய்விட்டாள். இதெல்லாம் பிரிவில் எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை. அன்றைக்கு வேலைக்கு வந்திருந்த புது நர்ஸ், கையேட்டைப் பார்த்து, "குடும்பத்தோடு ரசிக்கலாம், கலகலப்பான பயணக் கதை, ஐந்து நட்சத்திரம்" என்று இருந்த படத்தை அவருக்குப் போட்டுவிட்டு நகர்ந்திருந்தாள். அவள்மேல் தப்புச் சொல்ல ஒன்றுமில்லை.

எழுபதாவது நிமிஷத்தில் அந்தப் படத்தில் ஒரு லாரி கவிழ்கிறது.

படக்காரம்மா ஓடிப்போய்ப் பம்பை நிறுத்தினாள், பஞ்சை வைத்து அழுத்தினாள். பெருவிரல் மரத்துப்போகும்வரை அழுத்திப் பிடித்தாள். ரத்தம் நின்றது. டிரைவருடைய நடுக்கம் நிற்கவில்லை.

"கண்ணை மூடிக்கிட்டேன் தங்கச்சி," என்றார் அவர். "காதை எப்படி மூடறது? ஒரு கையில ஊசி. இன்னொரு கைய அந்தப் பட்டை இறுக்கிப் பிடிச்சிருச்சு. அந்தம்மா கத்தறது கேட்டுக்கிட்டே இருந்துச்சு. ஊசிக் கையாலயே ஹெட்போனைப் பிடுங்கிட்டேன்."

அவர் முகத்தைத் துடைத்தாள். இயந்திரத்தைச் சரி பார்த்து, டாக்டரை வரவழைத்து, போர்வை மாற்றி, அவர் தூங்குவதைப் பார்த்த பிறகுதான் நோட்டைத் திறந்தாள். அந்தப் படத்துக்கு நேராக அவளுடைய கையெழுத்து: "எழுபதாம் நிமிடம் லாரி கவிழும். மூன்றாம் படுக்கைக்கு வேண்டவே வேண்டாம்." கையேட்டில் அதே வரி இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து நட்சத்திரங்கள் பல்லிளித்தன.

படியில் இரண்டு இரண்டாக ஏறினாள். அதிகாரியின் அறை மூன்றாம் மாடியில், கண்ணாடிக் கதவு, உள்ளே குளிர்ச்சி. போர்வை ரத்தம் அவள் முழங்கையில் காய்ந்திருந்தது.

"என் நோட்டுல ஒரு பத்தி இருந்துச்சே சார். சிவப்புல. அதை ஏன் எடுத்தீங்க?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "ஓ, அதுவா? நெகட்டிவா இருந்துச்சு சிஸ்டர். எங்க பார்த்தாலும் வேண்டாம், வேண்டாம். டிசைனுக்கும் இடிச்சுது."

"ஒரு ஆளுக்கு ஊசி பிடுங்கிக்கிட்டு ரத்தம் கொட்டியிருக்கு, சார்."

"கேள்விப்பட்டேன். வருத்தமான விஷயம்தான். ஆனா, படம்தானே சிஸ்டர்? என்னமோ மாத்திரையை மாத்திக் கொடுத்த மாதிரிப் பேசறீங்க."

"மாத்திரை டப்பாவுக்குள்ளகூட யார் சாப்பிடக் கூடாதுன்னு ஒரு சீட்டு மடிச்சு வெச்சிருக்கான் சார். நீங்க அந்தச் சீட்டைக் கிழிச்சுப் போட்டுட்டு, டப்பாமேல உங்க மூஞ்சியை ஒட்டியிருக்கீங்க."

அதிகாரி நாற்காலியிலிருந்து எழுந்தார். "வார்த்தையை அளந்து பேசுங்க. பேர் வரலைங்கிற கோவத்தை இப்படிக் காட்டாதீங்க."

 அதைப் பொய் என்று அவளால் சொல்ல முடியவில்லை. நாலு நாளாக அந்தக் கோபமும் உள்ளே இருந்ததுதான். சுதாரித்துக்கொண்டாள். "ஆமா சார், அந்தக் கோவமும் இருக்கு. அது வேற, இது வேற. அதை நான் வீட்டுல வெச்சுட்டு வந்துட்டேன்."

கீழே வந்ததும் பிரிவில் இருந்த கையேடுகளை எல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தாள். பக்கம் பக்கமாக, விளிம்பில், நட்சத்திரங்களின் மேலேயே எழுதினாள். கணக்கு டீச்சர் இன்னொரு பேனா கேட்டாள். ஊசி இல்லாத கையால், கோணல் எழுத்தில், அவளும் நாலு பிரதிகளை முடித்தாள்.

நாற்பத்திரண்டாம் எண் வந்தபோது படக்காரம்மாவின் பேனா நின்றது. அது ஒரு தொடர். மூன்றாம் பாகத்தில் தொட்டிலில் இருக்கும் குழந்தை இறந்துபோகும். பிரசவப் பிரிவிலும் இதே கையேடு கிடக்கிறது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சாப்பாட்டு இடைவேளையில் டப்பாவைத் திறக்காமல் அங்கே போனாள். ஒவ்வொரு தாயின் பக்கத்து மேசையிலிருந்தும் அதை எடுத்து, எழுதி, திரும்ப வைத்தாள். பதினோராவது மேசையில் பிடிபட்டாள்.

மறுநாள் மெமோ வந்தது. மருத்துவமனைச் சொத்தைச் சேதப்படுத்தியது, தனக்குச் சம்பந்தமில்லாத பிரிவில் நுழைந்தது, மேலதிகாரியிடம் மரியாதைக் குறைவாகப் பேசியது. ஏழு நாளில் விளக்கம் தர வேண்டும். மரியாதைக் குறைவு என்ற சொல்லைப் படித்தபோது மேட்ரனே மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு சிரித்தாள். "மன்னிப்புன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடு. இந்த ஆளோட எதுக்கு உனக்கு மல்லுக்கட்டு?"

"என்ன தப்புக்கு மேடம்? எழுத்துப்பிழை ஏதாவது இருந்தா சொல்லுங்க, அதுக்குக் கேக்கறேன்."

விசாரணையில் மருத்துவமனைக் கண்காணிப்பாளர் நடுவில் உட்கார்ந்திருந்தார். அறுவைச் சிகிச்சை டாக்டர், அதிகம் பேசாத மனிதர். நோட்டையும் கையேட்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். அதிகாரி இடையில், பொதுவான ரசனை, நேர்மறைச் சிந்தனை என்று ஏதேதோ சொன்னார். கண்காணிப்பாளர் தலை நிமிராமலே கேட்டார்:

"இந்த நூறையும் நீங்க பார்த்திருக்கீங்களா?"

"பெரும்பாலும் சார்."

"அந்த லாரிப் படம்?"

அதிகாரி தண்ணீர் குடித்தார்.

அத்தோடு விஷயம் முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். முடியவில்லை. டயாலிசிஸ், பிரசவம் இரண்டு பிரிவுகளிலும் கையேட்டைத் திரும்பப் பெற உத்தரவானது. மற்ற இடங்களில் தீரும்வரை இருக்கட்டும் என்றார்கள். அடுத்த பதிப்பில் எச்சரிக்கைப் பத்தியைச் சேர்க்கச் சொன்னார்கள். யார் பெயரையும் சேர்க்கச் சொல்லவில்லை. அவளுடைய மெமோவை ரத்து செய்யவும் இல்லை. "கண்டிக்கப்பட்டார்" என்று ஒரே ஒரு சொல் அவள் கோப்பில் ஏறியது. ஐந்து வருஷம் சொந்த நேரத்தில் ஆயிரக்கணக்கான மணிநேரம் உட்கார்ந்து பார்த்ததற்கு அந்த மருத்துவமனை எழுத்தில் கொடுத்த சொல் அது ஒன்றுதான்.

ஆண்டு விழாவில் அதிகாரிக்குச் "சிறந்த நோயாளர் நலத் திட்டம்" என்று கேடயம் கொடுத்தார்கள். அவள் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மேட்ரன் முழங்கையால் இடித்தாள். "தட்டித் தொலையேன், எல்லாரும் பார்க்கறாங்க."

"பார்க்கட்டும் மேடம்," என்று இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

வீட்டில் புருஷன், "விடு, ஆறின கஞ்சி பழங்கஞ்சி" என்றான். "எனக்கு ஆறலை" என்றாள். அவன் அதற்கு மேல் வாதாடவில்லை. அன்றைய படத்தில் பாதிவரை விழித்திருந்தான்.

டிரைவர் ஒரு மாதம் எதையும் பார்க்கவில்லை. டேப்லெட்டைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டு, கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பார். அவளும் அதைத் திருப்பி வைக்கவில்லை. ஐந்தாவது வாரம், ஊசி ஏற்றிக்கொண்டிருந்தபோது அவரே கேட்டார்.

"தங்கச்சி, வண்டியே வராத கதை ஏதாவது இருக்கா?"

யோசித்து, ஒரு தீவில் ஆடு மேய்க்கும் இரண்டு அண்ணன் தம்பிகளைப் பற்றிய தொடரைச் சொன்னாள். எட்டுப் பாகம். சைக்கிள்கூடக் கிடையாது.

அடுத்த முறை வந்தவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு படுத்தார். "ரெண்டு பாகம் பார்த்தேன். ஆடு நடக்குது, ஆடு திங்குது. என்ன இழுவை, தங்கச்சி இது?"

"மூணாவது பார்த்தீங்களா?"

"இல்லை."

"மூணாவது பார்க்காம வந்து எங்கிட்ட இழுவைங்கறீங்க?" அவள் குரல் எட்டுப் படுக்கைக்கும் கேட்டது. "தம்பி வீட்டை விட்டுப் போறதே அதுலதான். படுங்க, கையை நீட்டுங்க. இன்னைக்கு மூணாவதைப் பார்த்துட்டு அப்புறம் பேசுங்க."

டிரைவர் கையை நீட்டினார். "சரி சரி, போடுங்க, திட்டாதீங்க," என்றார்.