இரத்தம் முதலே சொல்லும் என்றவர்

செவ்வாய்க்கிழமை காலை ஆஸ்பத்திரியிலிருந்து என் வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போது ஃபலீலின் அழைப்பு வந்தது. எங்கள் ஆய்வுகூடத்தில் இரத்தப் பரிசோதனைகளைச் செய்பவர் அவர்.

"டொக்டர், மேடத்தின்ட கடைசி ரிப்போட் வந்திருக்கு. மேடம் சொன்ன மாதிரியே எல்லாம் ஏறித்தான் ஈக்கிது."

"மேடம் எப்பிடி இருக்கிறா?"

"மேடம் போயிட்டாங்க டொக்டர். இப்பதான்."

டொக்டர் வத்சலா சொன்னது சரியென்ற செய்தியும் அவர் இல்லையென்ற செய்தியும் எனக்கு ஒன்றாகவே வந்து சேர்ந்தன.

அவர் பிறந்து வளர்ந்தது வெள்ளவத்தையில். தாய் தந்தையர் யாழ்ப்பாணத்தவர்கள். நான் காய்ச்சல் வாட்டில் வேலை செய்தேன், அவர் கீழ்மாடி ஆய்வுகூடத்தில். எலிக்காய்ச்சல் என்று நாங்கள் சந்தேகித்து அனுப்பும் சிலரின் இரத்தத்தில் அந்தக் கிருமி இராது. ஆனால் சிறுநீரகம் கெட்டுக்கொண்டே போகும். அப்படியானவர்களிடம் ஹன்டா வைரஸைத் தேட வேண்டும் என்று எங்களோடு சண்டை பிடித்தவர் அவர். எலியின் சிறுநீரும் எச்சமும் காய்ந்து தூசியோடு மூச்சுக்குள் போவதால் வரும் நோய் அது. பலர் தேறிவிடுவார்கள். சிலர் திடீரெனச் சரிவார்கள். அந்தச் சிலர் யார் என்பதை முன்கூட்டியே அறிய முடியுமா என்பதுதான் அவருடைய ஆய்வு.

"காய்ச்சல் எல்லாரையும் ஒரே மாதிரித்தான் படுக்க வைக்கும். ஆர் எழும்புவினம், ஆர் எழும்பமாட்டினம் எண்டு இரத்தம் முதலே சொல்லும். நாங்கள்தான் கேக்கிறேல்லை" என்பார்.

இரத்தத்தை உறையவைக்கும் குருதிச் சிறுதட்டுகள் எவ்வளவு வேகமாகக் குறைகின்றன, சிறுநீரில் எவ்வளவு புரதம் ஒழுகுகிறது, இரத்தக்குழாய்ச் சுவர்கள் கசியத் தொடங்கும்போது எந்தப் பொருள்கள் இரத்தத்தில் ஏறுகின்றன என்பவற்றை அவர் சேர்த்துப் பார்த்தார். ஒவ்வொன்றாகப் பார்த்தால் ஏமாற்றும், சேர்த்துப் பார்த்தால் ஏமாற்றாது என்பது அவருடைய நம்பிக்கை.

அந்த நம்பிக்கைக்கு முதற்சோதனை கொட்டாஞ்சேனையிலிருந்து வந்தது. வெங்காயக் களஞ்சியமொன்றைக் கூட்டிக் கழுவிய அண்ணன் தம்பி இருவர், அந்தோனியும் பிரான்சிஸும், ஒரே நாளில் வாட்டுக்கு வந்தார்கள். அண்ணன் இடுப்பு நோவில் முனகிக்கொண்டு கிடந்தார். தம்பி கட்டிலில் குந்தியிருந்து தேநீர் குடித்தபடி தாதியரைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார். மேல்மாடித் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரேயொரு கட்டில்தான் காலியாக இருந்தது.

வத்சலா மேலே ஏறி வந்தார். எங்கள் பெரிய டொக்டரிடம், "கட்டிலைத் தம்பிக்குக் குடுங்கோ சேர். அவருக்குத்தான் ஆபத்து" என்றார்.

"தேத்தண்ணி குடிக்கிற ஆளுக்கோ? நான் ஆளைப் பாத்து வைத்தியம் செய்யிறனான். உம்மட மெஷினைப் பாத்து இல்லை."

பிரான்சிஸுக்கு அது கேட்டுவிட்டது. "அண்ணனுக்கே குடுங்க டொக்டர். எனக்கு ஒன்னுமில்ல" என்று சிரித்தார்.

கட்டில் அண்ணனுக்குப் போனது. மறுநாள் பிரான்சிஸின் நுரையீரல் நீரால் நிறைந்தது. மேலே கொண்டுபோக லிஃப்ட் வரும்முன் அவர் இறந்தார். அடுத்த கூட்டத்தில் பெரிய டொக்டர் அதைத் தற்செயல் என்றார்.

அந்தோனி தேறி, வீட்டுக்குப் போகும் நாளில் வத்சலாவைத் தேடி ஆய்வுகூடத்துக்குப் போனார். நானும் அங்கே நின்றேன்.

"மிஸ், அந்தக் கட்டில குடுத்திருந்தா அவன் பொழச்சிருப்பானா?"

"தப்பியிருக்கலாம்" என்றார் வத்சலா.

அந்தோனி சுவரைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டார். அவர் போன பிறகு நான் கோபப்பட்டேன். "இல்லையெண்டு சொல்லியிருக்கலாமே?"

"அவர் உண்மை கேக்க வந்தவர். பொய் சொல்ல நிறையப் பேர் இருக்கினம்."

அவருடைய நேர்மைக்கு இரக்கம் கிடையாது. இதை அஞ்சலியில் எழுதாமல் விட்டால் அவரே என்னை மன்னிக்கமாட்டார்.

இந்த வருட வெள்ளம் வடிந்ததும் கொலன்னாவையில் வீடுகளைக் கழுவுகிறவர்களிடம் இரத்தம் எடுக்கப் போனார். ஒரு வீட்டில் நனைந்த அலுமாரியை நகர்த்தத் தனியாக இருந்த பெண்ணால் முடியவில்லை. வத்சலா கை கொடுத்தார். பின்னால், வெள்ளம் எட்டாத மேல்பக்கத்தில் இருந்த எலிக்கூடு கலைந்து தூசி பறந்தது. முகக்கவசம் கழன்று கழுத்தில் கிடந்ததைப் பிறகுதான் கண்டதாக என்னிடம் சொன்னார்.

சில வாரங்களில் காய்ச்சலோடு என் வாட்டுக்கு வந்தார். ஃபலீல் பரிசோதனை முடிவை என்னிடம்தான் கொண்டுவந்தார். வத்சலாவுக்குக் காட்ட எங்களுக்கு மனம் வரவில்லை.

"என்ன ரெண்டு பேரும் குசுகுசுக்கிறியள்? தாங்கோ இஞ்சை."

வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். "இந்த ஆளை இப்பவே மேலை அனுப்ப வேணும்" என்றார், வேறு யாரையோ பற்றிப் பேசுவதுபோல.

பெரிய டொக்டர் மறுபேச்சில்லாமல் கட்டிலை ஒழுங்குசெய்தார். அதைச் சொல்ல அவரே வந்து நின்றபோது வத்சலா, "இந்த முறை நம்பிட்டியள், சேர்" என்றார். அவர் தலை குனிந்தபடி வெளியே போனார்.

"சரியான நேரத்துக்குக் கண்டுபிடிச்சிருக்கிறம்" என்று நான் தேற்றப் பார்த்தேன்.

"கண்டுபிடிச்சு? ஆபத்து எண்டு இரத்தம் சொல்லும். மருந்து எங்கை எண்டு சொல்லாது." பிறகு, "எனக்குப் பயமாயிருக்கு" என்றார். அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

உரிய நேரத்தில் கட்டில், சிறுநீரகத்துக்கு இயந்திரம், மூச்சுக்கு இயந்திரம். பிரான்சிஸுக்குக் கிடைக்காத எல்லாம் அவருக்குக் கிடைத்தன. எதுவும் உதவவில்லை. மூச்சுக்குழாய் போடுவதற்கு முன் ஃபலீலை அழைத்துக் கையை நீட்டினார். வீங்கிய கையில் இரத்த நாளம் அகப்படவில்லை. ஃபலீல் குத்திக் குத்தி அழுதார்.

"அழாமல் குத்தும். இப்ப எடுத்தால்தான் ஆய்வுக்குப் பிரயோசனம்."

கடைசியில் இரத்தம் வந்தது. அதன் முடிவுதான் அந்தச் செவ்வாய்க்கிழமை எனக்கு வந்தது.

அவருடைய வெள்ளவத்தை வீட்டில் அவரைக் கிடத்தியிருந்தபோது, முழங்கை மடிப்பில் ஊசி குத்திய இடங்கள் கறுத்துக் கிடந்தன. பார்க்க வந்தவர்கள் கண்டு முகம் சுளிக்க, அவருடைய தமக்கை சேலைத் தலைப்பை இழுத்து மூடினார். தலைமாட்டில் நின்ற கணவர் குமரேசன் குனிந்து அதை விலக்கினார்.

"மூடாதேங்கோ அக்கா. அது அவ கேட்டு வாங்கினது."

பெட்டியை மூடும்வரை அந்தக் கை அப்படியே திறந்து கிடந்தது. போய் வாருங்கள், வத்சலா. உங்களுக்கு ஆறுதலாக ஒரு பொய்கூடச் சொல்லாமல் அனுப்பிவைக்கிறோம்.