பல்லரோ சந்தை பேசாமல் நின்ற நேரம்

இத்தாலியின் பலேர்மோ நகரில், எங்கள் வீட்டுக்குக் கீழே இருக்கும் பல்லரோ சந்தை வாயை மூடி நின்றதை நான் ஒரே ஒருமுறை பார்த்திருக்கிறேன். கத்தினால்தான் மீன் விற்கும் என்று நம்புகிற மனிதர்கள் அன்று விலையைக் காதோடு காதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மேலே மூன்றாம் மாடியில், எங்கள் சாப்பாட்டு மேசையில் கணினியைத் திறந்துவைத்துக்கொண்டு, என் பெரியம்மாவின் மகள் கனடாவில் ஒரு பல்கலைக்கழகத்தின் தலைவர் பதவிக்கான நேர்முகத் தேர்வில் இருந்தார். எங்கள் ஊர்ப் பேச்சில் சொன்னால், துணைவேந்தர் பதவி.

எங்களுக்கு அவர் கனடா அக்கா. மாணவியாகப் போனவர், படிப்பு முடிந்ததும் மாகாண அரசின் கல்வி அமைச்சில் ஆகக் கீழ்நிலை அதிகாரியாகச் சேர்ந்தார். நான் இங்கே சிஞ்ஞோரா என்று நாங்கள் அழைக்கும் இத்தாலிய எசமானியின் வீட்டில் சமைத்துக்கொண்டிருந்த ஆண்டுகளில், அவர் படிப்படியாக ஏறி அமைச்சின் செயலாளரானார். அப்போதுதான் வடக்கே பனிபடர்ந்த சிறு நகரமொன்றின் பல்கலைக்கழகத்தை மூட அரசு நினைத்தது. அதற்கான பரிந்துரையை எழுதும் பொறுப்பு அக்காவுக்கு. எழுதுவதற்கு முன் நேரில் போய்ப் பார்த்தார். வெளியூர்த் தாதியர் அந்தக் குளிரில் நிலைப்பதில்லை, அங்கேயே படித்த பிள்ளைகள்தான் அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரிகளைத் தாங்குகிறார்கள் என்று கண்டார். மூடக் கூடாது என்று எழுதினார். மாற்றி எழுதச் சொன்னார் அமைச்சர். அக்கா மறுத்தார். அறிக்கை வெளியே வந்ததும் ஊர் கொதித்தது, அரசு பின்வாங்கியது. அக்காவோ பதவியை விட்டுவிட்டு, ஒரு சின்னப் பெட்டியோடு பலேர்மோவில் வந்து இறங்கினார்.

நானும் அக்காவும் பலேர்மோவின் இன்னொரு சந்தையான வுச்சீரியாவில் பொரித்த கடலைமாத் துண்டுகளைத் தின்றுகொண்டு நின்றபோது அந்த அழைப்பு வந்தது. அதே பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழு. தலைவர் பதவி காலியாகிறது, வருவீர்களா என்று கேட்டார்கள். நான் தெருவிலேயே துள்ளிவிட்டேன். அக்காவின் முகம் மட்டும் இறுகியது.

"நான் இப்ப ஓம் எண்டால், கதிரைக்காகத்தான் அப்படி எழுதினவ எண்டு சனம் சொல்லும். பிறகு அந்த அறிக்கைக்கு என்ன மதிப்பு?"

"அப்ப போகமாட்டியளோ?"

அக்கா துறைமுகம் வரை நடந்தார். நாப்போலி நகருக்குப் போகும் கப்பல் கண்ணுக்கு மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அங்கிருந்தே ஆட்சிக்குழுவினரை அழைத்தார். பதவியை எல்லோருக்கும் அறிவியுங்கள், வெளியாட்களை வைத்துத் தேர்வு நடத்துங்கள், நானும் மற்றவர்களைப்போல வருகிறேன் என்றார். என்னிடம் திரும்பி, "தோத்தால் தோத்ததுதான் பிள்ளை" என்றபோது அவர் கண்கள் மின்னின.

தேர்வு மாதக்கணக்கில் இழுபட்டது. அக்கா எங்களோடேயே தங்கினார். கடைசியில் நேர்முகம் சந்தை உச்சத்தில் இருக்கும் நேரத்தில் விழுந்தது. யன்னலை இறுக்கி மூடியும் பயனில்லை. என் கணவர் கீழே ஓடினார். "என்ரை மச்சாளுக்குப் பரீட்சை" என்று தன் அரைகுறை இத்தாலியனில் மீன்கடைக்காரரிடம் கெஞ்சினார். அந்தப் பெரிய மனிதர் ஒரு பெட்டியின் மேல் ஏறி, உதட்டில் விரலை வைத்தார். கடைக்குக் கடை செய்தி ஓடியது. சந்தை அடங்கியது.

பாதியில் ஒரு ஸ்கூட்டர் அலறிக்கொண்டு வந்தது. உடனே சந்தை முழுவதும் சேர்ந்து "ஷ்ஷ்ஷ்" என்றது. ஸ்கூட்டரைவிட அதுதான் பெரிய சத்தம். அது என்ன என்று தேர்வுக்குழுவில் ஒருவர் கேட்டார். அக்கா எழுந்து யன்னலைத் திறந்து, கணினியைத் திருப்பிக் கீழே இருந்த சந்தையைக் காட்டினார். சந்தை கையசைத்தது. திரையில் இருந்தவர்களும் சிரித்துக் கையசைத்தார்கள். அதன் பிறகு அக்காவின் குரலில் நடுக்கம் இல்லை.

முடிவு வந்த நாளில் அவர் இறால் உரித்துக்கொண்டிருந்தார். ஏற்றுக்கொள்கிறீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்டவருக்கு, "ஓம், ஓம்!" என்றார். நான் யன்னலுக்கு ஓடி, கட்டைவிரலை உயர்த்தினேன். சந்தை முழுவதும் ஒரே குரலாக ஆரவாரித்தது.

இப்போது அக்கா அந்தப் பதவிக்காலத்தை நிறைவாக முடித்துவிட்டார். பல்கலைக்கழகம் திறந்தேயிருக்கிறது. தாதியர் புதிதாகப் படித்து வெளியே வந்துகொண்டேயிருக்கிறார்கள். நேற்று தொலைபேசியில், பலேர்மோவுக்கு வருகிறேன் என்றார். எத்தனை நாள் நிற்பீர்கள் என்று கேட்டேன்.

"திரும்பிப் போற டிக்கெட் இன்னும் போடேல்லை" என்றார். நான் விடியற்காலையிலேயே எழுந்து அவர் முன்பு தங்கிய அறையைக் கழுவத் தொடங்கிவிட்டேன்.