நன்றி சொல்லாத சங்கீதம்

எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனையின் நடுவே சாட்சி நேரம் என்று ஒன்று உண்டு. மைக் கைமாறிக்கொண்டே போகும். காய்ச்சல் விட்டதற்கு, மகனுக்கு ஒரகடத்தில் வேலை பெர்மனென்ட் ஆனதற்கு, கம்பெனி பஸ் தவறாமல் கிடைத்ததற்குக்கூட நன்றி சொல்வார்கள். இதையெல்லாம் நான் கிண்டல் செய்ய முடியாது. நானே மைக்கைப் பிடித்தால் லேசில் விடமாட்டேன். பாஸ்டர் அய்யா இருமிக் காட்டினால்தான் உட்காருவேன்.

அந்த மைக்தான் என் வீட்டுக்காரரின் வாயை அடைத்தது.

அவர் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தார். ஒரு நாள் மெஷின் வலது கை விரல்களை வாங்கிக்கொண்டது. கட்டோடு அவர் சபைக்கு வந்த முதல் ஞாயிறே முன்னால் கூப்பிட்டார்கள். உயிரைக் காத்த ஆண்டவருக்கு ஒரு வார்த்தை நன்றி சொல்லும்படி பாஸ்டர் அய்யா கேட்டார். நல்ல மனிதர், நல்ல எண்ணத்தில்தான் கேட்டார். இவர் இடது கையில் மைக்கை வாங்கி நின்றார், நின்றுகொண்டே இருந்தார். பிறகு அதைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

"விரல் போனதுக்கு இன்னாத்துக்கு தேங்க்ஸ் சொல்லணும்?" என்று வீட்டில் ஒரே ஒருமுறை கேட்டார். அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் சபை கேட் வரை என்னோடு நடந்து வருவார், எதிரே டீக்கடையில் உட்கார்ந்துகொள்வார். சாப்பாட்டுக்கு முன்னால் ஜெபம் செய்வது எங்கள் வீட்டில் எப்போதும் அவர்தான். அது நின்றது. போகப்போக மற்றப் பேச்சும் குறைந்து, குழம்பில் உப்பு இல்லை என்றுகூடச் சொல்லாமல் சாப்பிட்டார். சபைக்கு வராதது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. வாயாடி மனுஷன் என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு எங்கோ தொலைந்துபோனதுதான் என்னைத் தின்றது.

அந்தச் சமயத்தில்தான் சிங்கப்பெருமாள் கோவிலில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் பழைய ஏற்பாட்டு வகுப்பு நடப்பதாகக் கேள்விப்பட்டுச் சேர்ந்தேன். ஞாயிறு மதியம், பிள்ளைப்பாக்கத்திலிருந்து இரண்டு ஷேர் ஆட்டோ மாற வேண்டும். பழைய ஏற்பாடு, அதாவது எபிரேய வேதம், படிக்கப் போகிறேன் என்றதும் ஆட்டோக்காரர், அதைப் படித்தால் கம்பெனியில் லைன் லீடர் ஆக்குவார்களா என்று கேட்டார்.

டீச்சர் என்னைவிட மிகவும் சின்னவள். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். முதல் நாளே எங்கள் பழக்கத்தில் கை வைத்தாள். இந்த வசனம் எனக்கு என்ன சொல்கிறது என்று உடனே கேட்காதீர்கள், இதை முதலில் பாடியவன் யார், அவனுக்கு என்ன நடந்தது, அந்தக் காலத்தில் இப்படித்தான் பாடுவார்களா என்று கேளுங்கள் என்றாள். வருஷப் பிறப்புக்கு வாக்குத்தத்த வசன அட்டை எடுத்து, அதிலுள்ள ஒற்றை வேத வரியைச் சுவரில் மாட்டி வளர்ந்தவள் நான். அந்த வரிக்கு முன்னும் பின்னும் மனிதர்கள் இருக்கிறார்கள் என்பது எனக்குப் புதுச் செய்தி. எருசலேம் எரிந்தது, ஜனங்கள் பாபிலோனுக்கு இழுத்துப் போகப்பட்டது, அந்த வட்டாரத்து மற்ற இனத்தாரும் தங்கள் சாமிகளிடம் அழுது பாடி வைத்தது என்று அவள் சொல்லச் சொல்ல, நைட் ஷிப்ட் முடித்து வந்த கண்கூட விழித்துக்கொண்டது.

வேதத்தில் சங்கீதம் எனப்படும் பாட்டுகளில் புலம்பல்தான் அதிகம் என்று அவள் ஒரு நாள் சொன்னாள். அதற்கென்று ஒரு கட்டுமானம் உண்டாம். முதலில் கூப்பிடுவது, அப்புறம் முறையிடுவது, அப்புறம் கேட்பது, கடைசியில் எப்படியோ ஒரு திருப்பம் வந்து நன்றியில் முடிப்பது. ஒன்றில் மட்டும் அந்தத் திருப்பம் வரவே இல்லை. எபிரேயத்தில் அதன் கடைசிச் சொல்லே இருட்டுதான் என்றாள்.

நான் கம்பெனியில் குவாலிட்டி செக்கிங்கில் இருக்கிறவள். அளவுக்கு ஒத்துவராத பீஸைச் சிவப்புத் தொட்டியில் போடுவதுதான் என் பிழைப்பு. இதை ஏன் ரிஜெக்ட் செய்யவில்லை என்று கேட்டேன். டீச்சர் சிரித்தாள்.

"பல கை மாறித்தான் இந்தத் தொகுப்பு வந்துச்சிக்கா. யாராச்சும் ஒருத்தர் நெனச்சிருந்தா தூக்கிப் போட்டிருக்கலாம், இல்ல கடைசியில ரெண்டு வரி நன்றி சேத்திருக்கலாம். ஒருத்தரும் செய்யல."

அந்தச் சங்கீதத்தை உரக்க வாசித்து, எந்தப் பகுதி எங்கே மாறுகிறது என்று பென்சிலால் கோடு போட்டு வர வேண்டும் என்பது வீட்டுப்பாடம். அன்று மாலை அடுப்பில் சோறு கொதிக்க, நான் சமையலறை வாசலில் உட்கார்ந்து வாசித்தேன். உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்காரருக்கென்று வாசிக்கவில்லை, அந்தக் கெட்டிக்காரத்தனம் எனக்குத் தோன்றவில்லை. முடித்துவிட்டுப் பென்சிலைத் தேடிக்கொண்டிருந்தபோது டிவி சத்தம் நின்றிருந்தது.

"அப்புறம்?" என்றார்.

"அவ்ளோதாங்க. முடிஞ்சிடுச்சி."

"தேங்க்ஸ் சொல்லலியா அவன்?"

"சொல்லல."

"பைபிள்லயா கீது இது?"

புத்தகத்தை வாங்கிக்கொண்டார். சோறு குழைந்து போகும் வரை அவரும் எழவில்லை, நானும் எழவில்லை.

சில வாரங்கள் கழித்து ஒரு ஞாயிறு, டீக்கடைப் பக்கம் திரும்பாமல் என் பின்னாலேயே உள்ளே வந்தார். சாட்சி நேரத்தில் மைக்கைக் கேட்டு வாங்கினார். ஒரு சகோதரி ஓடிப்போய் மைக்கைப் பிடித்துக்கொள்ள, இடது கையில் வேதத்தைத் திறந்து வைத்து அந்தச் சங்கீதத்தை முதலிலிருந்து கடைசி வரை வாசித்தார். ஒரு வார்த்தை கூட்டவில்லை. வேதத்தை மூடிவிட்டு வந்து உட்கார்ந்தார். அல்லேலூயா சொல்வதா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை. அன்று பாஸ்டர் அய்யா வேறு யாரையும் சாட்சிக்குக் கூப்பிடவில்லை.

பாடியவன் யார் என்று நிச்சயமாகத் தெரியாது. அதை அழிக்காமல், திருத்தாமல் கைமாற்றி விட்டவர்கள் யார் என்றும் தெரியாது. அவர்களையெல்லாம் தேடிப் பிடித்துக் காலில் விழ வேண்டும்போல் எனக்கு இருந்தது. அந்தச் சின்ன டீச்சரின் காலிலும்தான். அக்கா அக்கா என்று பதறிப்போவாள்.

வீட்டுக்கு வந்து தட்டு வைத்தேன். அவர் சோற்றில் கை வைக்கவில்லை. விரலில்லாத கையைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து, கண்ணை மூடினார்.

"ஆண்டவரே, இன்னும் வலிக்குது," என்றார். அவ்வளவுதான் ஜெபம். கண்ணைத் திறந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, குழம்பில் உப்பு இல்லை என்றார்.

நன்றி ஆண்டவரே என்று எனக்குள் சொல்லிக்கொண்டு, உப்பு ஜாடியை எடுக்க எழுந்தேன்.